ஐஸ் விழாத ஊரில் கூலண்ட் எதற்கு? புதிதாகக் காடி வாங்கியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தாப்பா வட்டாரத்தில், ரேடியேட்டரில் ஊற்றி எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் டப்பாவைக் கையில் எடுத்துப் பார்க்கும் இளைஞர்கள் பலரும் கேட்பது இதுதான்: "அண்ணே, மைனஸ் 37 டிகிரின்னு போட்டிருக்கான். நம்ம ஊர்ல எங்க ஐஸ் விழுது? பைப் தண்ணி ஊத்துனா பத்தாதா?"

கேள்வி நியாயமானது. நம் மலேசிய வானிலை நிலையங்களில் பதிவான ஆகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி. அதுவும் 1978 பிப்ரவரி 1-ஆம் தேதி, கேமரன் மலையில். தண்ணீர் உறைய வேண்டுமானால் 0 டிகிரிக்கு இறங்க வேண்டும். தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓடும் எந்த வண்டியின் ரேடியேட்டரும் உறையப் போவதில்லை.

அப்படியும் அந்த டப்பாவை வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். உள்ளே இருக்கும் திரவத்துக்கு மூன்று வேலை. உறைவதைத் தடுப்பது ஒன்று. கொதிநிலையை உயர்த்துவது இரண்டு. எஞ்சினுக்குள் இருக்கும் உலோகங்களை அரிக்காமல் காப்பது மூன்று. முதல் வேலை குளிர் நாட்டுக்காரர்களுக்கு. மற்ற இரண்டும் நமக்குக் கட்டாயம் வேண்டும். பைப் தண்ணீரிலேயே ஓட்டிவிட்டு, ஒரு நாள் எஞ்சினின் மேல்பகுதியைக் கழற்றிச் சரிசெய்யும் 'டாப் ஓவர்ஹால்' செய்ய நூற்றுக்கணக்கான வெள்ளியை எண்ணி வைக்கிறவர்களைப் பார்க்கும்போது மனது கஷ்டப்படுகிறது. அதில் பெரும்பாலானது தவிர்க்கக்கூடிய செலவு.

செகண்ட் ஹேண்டில் முதல் காடி வாங்கியவர்கள், பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள், தோட்டத்து டிராக்டரையும் லோரியையும் பார்த்துக்கொள்கிறவர்கள், இவர்களை நினைத்து இதை எழுதுகிறேன். நியூசிலாந்து, கனடா என்று வேலைக்குப் போகிறவர்களுக்கும் பின்னால் ஒரு பகுதி வைத்திருக்கிறேன்.

பைப் தண்ணீர் உள்ளே செய்யும் வேலை

பெட்ரோல் எரிந்து வரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் கூலண்ட்தான் சுமந்து வெளியேற்ற வேண்டும். தண்ணிப் பம்ப் அதை எஞ்சின் பிளாக்குக்குள் தள்ளும். பிளாக்கிலிருந்து, அதன் மேல் உட்கார்ந்திருக்கும் ஹெட்டுக்கு ஏறும். 82 அல்லது 88 டிகிரி வாக்கில், சூட்டுக்குத் திறக்கும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்ததும் மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்குப் போய், ஆறி, கீழ் ஹோஸ் வழியாகத் திரும்பி வரும். எஞ்சின் ஓடும்வரை இந்தச் சுற்று நிற்காது.

இந்த வழி முழுக்க ஒரே உலோகமாக இருந்தால் கவலை குறைவு, ஆனால் அப்படி இல்லை. ஹெட் அலுமினியம். பிளாக் பல வண்டிகளில் வார்ப்பிரும்பு. பழைய ரேடியேட்டர் செம்பும் பித்தளையும், நடுவே ஈயப்பற்று. பிளாக்கின் ஓட்டைகளை அடைத்திருக்கும் தகடுகள் மெல்லிய எஃகு. இத்தனை உலோகங்களையும் ஒரே சுடுதண்ணீரில் நனைத்து வைத்தால் ஒன்றை ஒன்று அரிக்கத் தொடங்கும். அதைத் தடுக்கும் மருந்து கூலண்டில் கலந்திருக்கிறது. வெறும் தண்ணீரில் அது கிடையாது. பம்ப் சீல் வறண்டுபோகாமல் வழவழப்பாக இருப்பதும் கூலண்டால்தான்.

அந்த எஃகுத் தகடுகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பிளாக்கின் பக்கவாட்டில் வரிசையாக, 3, 4 சென்டிமீட்டர் அகலத்தில், நடுவில் குழிந்து வட்டமாக இருக்கும். பட்டறையில் இதை 'ஃப்ரோஸ்ட் பிளக்' என்பார்கள். பிளாக்கை வார்க்கும்போது உள்ளே வைத்த மணலை வெளியே எடுக்க விட்ட ஓட்டையை அடைக்கும் தகடு அது. குளிர் நாட்டில் தண்ணீர் உறைந்து விரியும்போது சில சமயம் இது பிதுங்கிக்கொண்டு வெளியே வரும். நம் ஊரில் கதை வேறு. தண்ணீர் மட்டும் ஊற்றி ஓட்டிய பழைய வண்டியில் இது உள்ளேயிருந்து துருப்பிடித்துப் போகும். வெளியே பெயிண்ட் நன்றாகவே இருக்கும். ஒரே ஒரு புள்ளியில் மட்டும் சின்னக் கொப்புளம், அதிலிருந்து கீழே ஒரு காபி நிறக் கோடு. ஸ்குரூடிரைவர் முனையால் லேசாகத் தட்டினால் முனை உள்ளே போய்விடும். தகடு என்னவோ சில வெள்ளிதான். ஆனால் அது கியர்பாக்ஸுக்குப் பின்னால் ஒளிந்திருந்தால் கியர்பாக்ஸையே இறக்க வேண்டியிருக்கும்.

கிணற்றுத் தண்ணீரும் ஆற்றுத் தண்ணீரும் இதைவிட மோசம். கம்பார், கோப்பேங், ஈப்போ பக்கம் சுண்ணாம்புக் குன்றுகள் நிறைய. அந்த நிலத்து நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, கெண்டியின் அடியில் வெள்ளையாகப் படிவதுபோல ஹெட்டின் குறுகிய வழிகளிலும் ரேடியேட்டர் குழாய்களிலும் படியும். படிந்த இடத்தில் வெப்பம் வெளியே போகாது. அவசரத்துக்கு வாய்க்கால் தண்ணீர் ஊற்றி வீடு வந்து சேர்ந்தால் தவறில்லை. ஆனால் அதே வாரத்தில் அதை இறக்கிவிட வேண்டும்.

டப்பாவை வாசித்து வாங்குங்கள்

கடையில் இரண்டு வகை இருக்கும். ஒன்று கலந்தே வருவது, அப்படியே ஊற்றலாம். இன்னொன்று கெட்டியானது, தண்ணீர் கலந்துதான் ஊற்ற வேண்டும். புதியவர்கள் பலர் கெட்டியானதை அப்படியே ஊற்றிவிடுகிறார்கள். 'ஸ்ட்ராங்காக' இருந்தால் நல்லது என்ற நினைப்பு. அது சரியல்ல. வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீருக்கு ஈடு கிடையாது. கூலண்டின் அடிப்படையான எத்திலீன் கிளைக்கால் அவ்வளவு சுமக்காது. தண்ணீரே கலக்காமல் ஊற்றினால் எஞ்சின் இன்னும் சூடாகத்தான் ஓடும்.

பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சொல்வது பாதிக்குப் பாதி. உங்கள் காடியின் கையேட்டில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே மட்டும் இறங்காதீர்கள். அதற்குக் கீழே போனால் அரிப்பைத் தடுக்கும் மருந்து நீர்த்துப்போய்ப் பயனில்லாமல் ஆகிவிடும்.

நிறத்தை நம்பி வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் ஒவ்வொரு கம்பெனியும் தன் விருப்பத்துக்குப் போடும் சாயம். உள்ளே இருக்கும் மருந்தின் வகையை நிறம் உறுதியாகச் சொல்லாது. டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்புங்கள். சாதாரணக் காடிக்கு ஜேஐஎஸ் கே 2234 அல்லது ஏஎஸ்டிஎம் டி 3306, கனரக டீசலுக்கு ஏஎஸ்டிஎம் டி 6210 என்ற தர எண்ணைத் தேடுங்கள். அதோடு உங்கள் கையேடு எந்த வகை கேட்கிறது என்று ஒப்பிடுங்கள். ஜப்பானிய, கொரிய வண்டிகளுக்குப் பொதுவாகச் சிலிக்கேட் இல்லாத வகை, ஐரோப்பிய வண்டிகளுக்குப் பொதுவாக ஃபாஸ்பேட் இல்லாத வகை. உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத பழைய காடி என்றால் அதன் மேல் எதையும் ஊற்றிக் கலக்காதீர்கள். முழுக்க இறக்கிவிட்டுப் புதிதாக ஆரம்பியுங்கள். பொருந்தாத இரண்டு வகை சேர்ந்தால் ஆயுள் குறையும், சில சமயம் கூழாகித் திரண்டு வழியை அடைக்கும்.

கலப்பதற்கு பேட்டரிக்கு ஊற்றும் வடிநீர் வாங்கிக்கொள்ளுங்கள். பெட்ரோல் ஸ்டேஷனிலேயே கிடைக்கும், விலையும் அதிகமில்லை.

இறக்கி ஊற்றும் முறை

இந்த வேலையைக் காலையில் செய்யுங்கள், இரவு முழுக்க ஆறிய எஞ்சினில். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் என்ன ஆகும் என்பதைப் பலருக்கு முகத்தில் இருக்கும் தழும்பே சொல்லும். மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. 0.9 என்று எழுதிய மூடி இருந்தால் உள்ளே வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த கணமே அழுத்தம் விட்டுப்போய், தண்ணீர் அத்தனையும் ஒரே நேரத்தில் கொதித்து மேலே பாயும். துணி போட்டுத் திறக்கலாம் என்பதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மேல் ஹோஸைக் கையால் இறுக்கிப் பிடித்து இருபது எண்ணும்வரை வைத்திருக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் காத்திருங்கள்.

கவனிக்க வேண்டியது இன்னொன்று. எஞ்சினை அணைத்த பிறகும் மின்விசிறி தானாகச் சுற்றக்கூடிய வண்டிகள் உண்டு. சாவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கையை உள்ளே விடுங்கள்.

முதலில் மூடியைக் கழற்றிக் கையில் வைத்துப் பாருங்கள். கீழே உள்ள ரப்பர் வளையம் மெத்தென்று இருக்க வேண்டும். வெடிப்போ அழுத்தக் கோடோ இருந்தால் மாற்றுங்கள். நடுவில் ஒரு சின்னத் தட்டு இருக்கும். நகத்தால் இழுத்தால் வந்து, விட்டதும் திரும்பிப் போக வேண்டும். எஞ்சின் ஆறும்போது ரிசர்வ் டப்பாவிலிருந்து தண்ணீரை உள்ளே இழுக்கும் வழி அதுதான். அது சிக்கிக்கொண்டால் ஆறிய எஞ்சினில் மேல் ஹோஸ் சப்பிப் போயிருக்கும். புது மூடி வாங்கும்போது பழைய மூடியில் உள்ள அதே எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 0.9 இருந்த இடத்தில் 1.1 போட்டால், நைந்த ஹோஸும் பழைய ரேடியேட்டரும் அந்த அழுத்தத்தைத் தாங்காது.

அடுத்து, கீழே அகலமான வாளியை வைத்து ரேடியேட்டரின் அடியில் உள்ள திருகைத் திறங்கள். பிளாஸ்டிக் திருகு என்பதால் குறடு போட்டு முறுக்கினால் உடைந்துவிடும். பழைய காடியில் அது அசையாவிட்டால் கீழ் ஹோஸின் கிளிப்பைக் கழற்றுவது நல்லது. ஹீட்டர் உள்ள காடியாக இருந்தால் அதைச் சூட்டுப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு இறக்குங்கள். வந்த திரவத்தைப் பாருங்கள். தெளிவாக, அதன் நிறத்தோடு இருந்தால் நல்லது. செங்காவி நிறத்தில் வந்தால் உள்ளே துரு. மேலே எண்ணெய்ப் படலமோ பால் கலந்த மாதிரியோ இருந்தால் இந்த வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு ஃபோர்மேனிடம் காட்டுங்கள். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள ஹெட் காஸ்கெட் போயிருக்கலாம்.

துரு வந்திருந்தால் திருகை மூடி, சுத்தமான தண்ணீர் நிரப்பி, தெர்மோஸ்டாட் திறக்கும்வரை எஞ்சினை ஓட விட்டு, முழுக்க ஆறவிட்டு, மறுபடியும் இறக்க வேண்டும். தண்ணீர் தெளிவாக வரும்வரை இப்படியே. ஒரு நாளில் முடியாது, அவசரப்பட வேண்டாம். கடைசிச் சுற்று மட்டும் வடிநீரில் செய்யுங்கள்.

கலவைக் கணக்கு

பலர் கோட்டைவிடும் இடம் இது. ரேடியேட்டரைக் காலி செய்தாலும் பிளாக்குக்குள் தண்ணீர் தங்கியிருக்கும். சின்னக் காடியில் மொத்தம் 5 லிட்டர் பிடிக்கும் என்று வையுங்கள். நீங்கள் இறக்கியது 3 லிட்டர்தான். மிச்சம் 2 லிட்டர் வெறும் தண்ணீர் உள்ளேயே இருக்கிறது. இதற்கு மேல் கலந்து வரும் பாதிக்குப் பாதி கூலண்ட் 3 லிட்டர் ஊற்றினால், அதில் உள்ள கெட்டிக் கூலண்ட் ஒன்றரை லிட்டர்தான். மொத்தத்தில் 30 விழுக்காடு. டப்பாவில் 50 என்று போட்டிருந்தாலும் உங்கள் எஞ்சினுக்குள் 30 தான்.

அதனால் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகு கெட்டியான வகையை வாங்குங்கள். மேலே சொன்ன கணக்கில் இரண்டரை லிட்டர் கெட்டிக் கூலண்டை முதலில் ஊற்றி, பிறகு அரை லிட்டர் வடிநீர் ஊற்றினால் சரியாகப் பாதிக்குப் பாதி வரும். பழைய திரவம் தெளிவாகவும் அதே வகையாகவும் இருந்தால் கழுவவே வேண்டாம். இறக்கிவிட்டுக் கலந்து வரும் வகையை ஊற்றினால் போதும்.

ஊற்றும்போது மெதுவாக ஊற்றுங்கள். வேகமாக ஊற்றினால் காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும். காடியின் மூக்கு மேல்நோக்கி இருக்கும்படி சரிவில் நிறுத்துவது நல்லது. மூடி திறந்தபடியே எஞ்சினை ஸ்டார்ட் செய்து, மேல் ஹோஸை அவ்வப்போது அமுக்கி விடுங்கள். குமிழி குமிழியாக வரும், மட்டம் இறங்கும், கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புங்கள். மட்டம் மேலே எழும்பத் தொடங்கினால் உடனே மூடியைப் போட்டுவிடுங்கள். மேல் ஹோஸ் சூடாகி, விசிறி இரண்டு தடவை சுற்றி நின்ற பிறகு அணைத்து முழுக்க ஆறவிடுங்கள். மறுநாள் காலை மறுபடியும் மட்டம் பாருங்கள். பெரும்பாலும் கொஞ்சம் இறங்கியிருக்கும். ரிசர்வ் டப்பாவில் மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் நடுவில் வரும்படி நிரப்பினால் போதும்.

முடித்ததும் ஒரு மாஸ்கிங் டேப்பில் தேதி, கூலண்ட் வகை, கலவை விகிதம் மூன்றையும் எழுதி பானெட்டின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை யார் திறந்தாலும் குழப்பம் இருக்காது.

கலவையைச் சோதிக்க ரிஃப்ராக்டோமீட்டர் என்று ஒரு சின்னக் கருவி ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. பட்டறைக்குப் புதிதாக வந்தவர்கள் முதலில் வாங்க வேண்டிய கருவி அதுதான். கண்ணாடிப் பரப்பில் முதலில் ஒரு சொட்டு வடிநீர் விட்டுக் கோட்டை 0-வில் வையுங்கள். துடைத்துவிட்டு ஒரு சொட்டுக் கூலண்ட் விட்டு வெளிச்சத்தை நோக்கிப் பாருங்கள். மேலே நீலமும் கீழே வெள்ளையும், இடையில் ஒரு கோடும் தெரியும். அந்தக் கோடு மைனஸ் 37-க்குப் பக்கத்தில் நின்றால் பாதிக்குப் பாதி, மைனஸ் 18-க்குப் பக்கத்தில் நின்றால் மூன்றில் ஒரு பங்கு. உறைநிலை அளவுகோல்தான், ஆனாலும் நமக்கு அது கலவையைக் காட்டிக் கொடுக்கும். மருந்து தீர்ந்துவிட்டதா என்பதை மட்டும் இது சொல்லாது. அதற்கு, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். தாள் நனைத்துப் பாருங்கள். 7-க்குக் கீழே போயிருந்தால் மாற்ற வேண்டிய நேரம். தாள் இல்லாவிட்டால் காலக் கணக்கு: பழைய வகைக்கு ஏறத்தாழ 2 ஆண்டு, நீண்ட ஆயுள் வகைக்கு 5 ஆண்டு வரை. இதிலும் கையேட்டின் சொல்லே முடிவானது.

செய்யவே கூடாத இரண்டு

காடி சூடாகிறது என்றதும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடச் சொல்லும் ஆட்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். அது இல்லாவிட்டால் எஞ்சின் ஓட வேண்டிய சூட்டுக்கு வந்து சேரவே வெகுநேரம் ஆகும். பெட்ரோல் அதிகம் குடிக்கும், தேய்மானம் கூடும். சூடானதற்கான உண்மையான காரணமும் அப்படியே உள்ளே இருக்கும். தெர்மோஸ்டாட் கெட்டிருந்தால் புதிது போடுங்கள்.

இன்னொன்று, ஒழுகும் ரேடியேட்டரை அடைக்கப் பொடி போடுவது. கடையில் விற்கும் பொடியானாலும் சரி, பழைய லோரிக்காரர்கள் போட்ட மஞ்சள் தூளானாலும் சரி, ஓட்டையை மட்டும் தேடிப் போய் அடைக்கும் புத்தி அதற்குக் கிடையாது. குறுகலான குழாய் எங்கே இருக்கிறதோ அங்கேயும் அடைக்கும்.

மலை ஏறும்போதும் தோட்டத்திலும்

தாப்பாவிலிருந்து ரிங்லெட், தானா ராத்தா வரை வளைந்து வளைந்து ஏறும் சாலையில் விடுமுறை நாள்களில் ஓரமாக பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும் காடிகளைப் பார்த்திருப்பீர்கள். நான்கைந்து பேர், சாமான், ஏர்கோன், குறைந்த வேகம், முன்னால் ஒரு காய்கறி லோரி. எஞ்சின் முழுச் சக்தியோடு வேலை செய்கிறது, ஆனால் ரேடியேட்டருக்குக் காற்று வருவதில்லை. உயரம் வேறு சேர்ந்துகொள்கிறது. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். நல்ல மூடியும் சரியான கலவையும் இருந்தால் இந்த இழப்பை எளிதாக ஈடுகட்டலாம். பாதிக்குப் பாதி கூலண்ட் 0.9 மூடியோடு 125 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் நிற்கும்.

சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறத் தொடங்கினால் முதலில் ஏர்கோனை அணையுங்கள். ஹீட்டர் இருந்தால் முழுக்கத் திறந்துவிடுங்கள். வியர்த்துக் கொட்டும், ஆனால் எஞ்சினுக்கு அது இன்னொரு சின்ன ரேடியேட்டர். முள் இறங்காவிட்டால் பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்தி அணைத்துவிடுங்கள். சிவப்புக் கோட்டைத் தொட்ட பிறகு 'அந்த வளைவு வரைக்கும் போயிடலாம்' என்று ஓட்டாதீர்கள். அலுமினிய ஹெட் வளைந்துபோவது அந்தக் கொஞ்ச தூரத்தில்தான். குறைந்தது அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் உலோகம் விரிசல் விடலாம். ஹோஸ் சோதனையில் தேறிய பிறகே மூடியைத் தொடுங்கள்.

தோட்டத்துக்குள் ஓடும் வண்டிகளுக்கு இன்னொரு தொல்லை. செம்மண் தூசியும் செம்பனை நாரும் பூச்சியும் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு இடையில் அடைந்து, பனியில் நனைந்து களிமண்ணாக இறுகிவிடும். முன்னால் பார்த்தால் சுத்தமாகத் தெரியும், ஏனென்றால் முன்னால் நிற்பது ஏர்கோன் கண்டென்சர். அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் டார்ச் அடித்துப் பாருங்கள். கழுவும்போது எஞ்சின் பக்கமிருந்து வெளியே தள்ளும்படி, சாதாரண பைப் வேகத்தில் தண்ணீர் அடியுங்கள். கார் வாஷ் கடையின் ஜெட்டைக் கிட்டத்தில் பிடித்தால் தகடுகள் படுத்துவிடும், பிறகு காற்றே போகாது.

டிராக்டர், லோரி வைத்திருப்பவர்கள் கூலண்டில் மிச்சம் பிடிக்கவே கூடாது. பெரிய டீசல் எஞ்சின்கள் பலவற்றில், பிஸ்டன் உள்ளே ஓடும் குழாயான சிலிண்டர் லைனரின் வெளிப்புறம் நேரடியாகக் கூலண்டில் நனைந்துகொண்டிருக்கும். பிஸ்டன் ஓடும் அதிர்வில் லைனரின் மேல் நுண்ணிய குமிழிகள் தோன்றித் தோன்றி உடையும். உடையும் ஒவ்வொரு குமிழியும் இரும்பைக் கொத்தும். நாளடைவில் ஊசித் துளை விழுந்து கூலண்ட் ஆயிலில் கலக்கும். கனரக டீசலுக்கான கூலண்டில் இதைத் தடுக்கும் மருந்து சேர்த்திருப்பார்கள். காடிக்கு வாங்கிய மிச்சத்தை டிராக்டரில் ஊற்றுவது அதனால்தான் தவறு.

பழைய காடியைப் பாதியாக வெட்டி இறக்குமதி செய்யும் 'ஹாஃப் கட்' எஞ்சின் வாங்குபவர்களுக்கு ஒரு சொல். ஜப்பானிலிருந்து வரும் எஞ்சின்கள் குளிர்காலம் பார்த்தவை. உள்ளே வெறும் தண்ணீரோடு குளிரில் கிடந்திருந்தால் பிளாக் விரிந்திருக்கலாம். ஃப்ரோஸ்ட் பிளக் ஏதாவது வெளியே பிதுங்கியிருக்கிறதா, பிளாக்கின் பக்கவாட்டில் மயிரிழை போல் கோடு ஓடுகிறதா என்று துடைத்துப் பாருங்கள். முடிந்தால் வண்டியில் ஏற்றுவதற்கு முன் அழுத்தச் சோதனை செய்யக் கேளுங்கள்.

குளிர் நாட்டுக்குப் போகிறவர்களுக்கு

தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரியும். அந்த விரிவுக்கு இடமில்லாவிட்டால் வார்ப்பிரும்பே பிளந்துவிடும். ஓர் இரவு போதும். பாதி உறைந்து கூழாக நின்றாலும் ஆபத்துதான். சுற்று நின்றுபோய், வெளியே பனி கொட்டும்போதே எஞ்சின் கொதிக்கும்.

நியூசிலாந்தின் தென் தீவிலோ கனடாவிலோ பழைய காடி வாங்கினால், குளிர் தொடங்கும் முன்பே ரிஃப்ராக்டோமீட்டர் வைத்துப் பாருங்கள். முதல் உறைபனிக்குக் காத்திருக்காதீர்கள். விற்றவர் கோடையில் தண்ணீர் ஊற்றி மட்டத்தைச் சரிசெய்திருக்கலாம். 50 விழுக்காட்டில் மைனஸ் 37 வரை தாங்கும். 60 விழுக்காட்டில் மைனஸ் 50 வரை. அதற்கு மேல் ஏற்றிக்கொண்டே போனால் காப்பு கூடாது, திரும்பக் குறையும். தண்ணீரே கலக்காத எத்திலீன் கிளைக்கால் மைனஸ் 13 வாக்கிலேயே உறைந்துவிடும். வானிலைச் செய்தியில் காற்றோடு சேர்த்துச் சொல்லும் 'உணரும் குளிர்' நம் உடம்புக்குத்தான். நிறுத்தி வைத்த எஞ்சின் காற்றின் உண்மையான வெப்பநிலைக்குக் கீழே போகாது.

கனடாவின் வினிப்பெக் போன்ற ஊர்களில் காடியின் முகப்பிலிருந்து மின்சார பிளக் ஒன்று தொங்குவதைப் பார்ப்பீர்கள். எஞ்சினை இரவில் வெதுவெதுப்பாக வைக்கும் ஹீட்டருக்கானது அது. கூலண்டுக்குப் பதிலாக அதை நம்பாதீர்கள், கரண்ட் போனால் அதுவும் போய்விடும். கண்ணாடி கழுவும் டப்பாவில் ஊரில் செய்த பழக்கத்தில் பைப் தண்ணீர் ஊற்றாதீர்கள். அதுவும் உறைந்து டப்பாவையும் அதன் பம்பையும் உடைக்கும்.

உறைந்துவிட்டது என்ற சந்தேகம் வந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். பனிக்கட்டியில் மாட்டிய தண்ணிப் பம்ப் உடையும், பெல்ட் அறும். சுடுதண்ணீரும் ஊற்றாதீர்கள். கதகதப்பான கராஜுக்குத் தள்ளிக்கொண்டு போய்த் தானாக இளக விடுங்கள். பிறகு ஹோஸ், பம்ப், பிளக்குகள், ஆயிலின் நிறம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் சாவி.

பழைய கூலண்டை என்ன செய்வது

இதைக் கடைசியாக எழுதினாலும் எனக்கு இதுதான் பெரிய கவலை. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் விஷம். லயத்து வீடுகளைச் சுற்றி நாய், கோழி, ஆடு எல்லாம் அவிழ்த்துவிட்டபடி திரிகின்றன. வாளியில் விட்டுவைத்ததை அவை குடிக்கும். சிறுநீரகம் கெட்டுச் சாகும். பிள்ளைகளுக்கும் இதே கதிதான். மிச்சமான கூலண்டை மினரல் வாட்டர் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தை இன்றே விடுங்கள். நீலமும் சிவப்புமாக, சிரப் தண்ணீர் மாதிரியே இருக்கும். அது வந்த டப்பாவிலேயே, மூடி இறுக்கி, உயரத்தில் வையுங்கள். யாராவது குடித்துவிட்டால், தெளிவாக இருக்கிறார்களே என்று காத்திருக்காமல் அந்த டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பினாங்கில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையமும் ஆலோசனை சொல்லும். அதன் எண்ணைத் தேடிப் பட்டறைச் சுவரில் எழுதி வைப்பது நல்லது.

எத்திலீன் கிளைக்கால் போன்ற வெப்பக் கடத்தித் திரவங்களின் கழிவு, 2005-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரம் தொடர்பான பட்டியலிட்ட கழிவு விதிமுறைகளில் 327 என்ற எண்ணின் கீழ் வருகிறது. பட்டறைகள் இதைத் தனி டிரம்மில் சேர்த்து, உரிமம் பெற்றவர்களிடம் கொடுக்க வேண்டும். வீட்டில் வேலை செய்தவர்கள் கால்வாயிலோ செம்பனை அடியிலோ கொட்டாமல், மூடியுள்ள டின்னில் ஊற்றி, அப்படி டிரம் வைத்திருக்கும் பட்டறையில் கேட்டுக் கொடுங்கள். எஞ்சின் ஆயிலோடு கலக்காதீர்கள், கலந்தால் இரண்டையும் யாரும் வாங்க மாட்டார்கள். வாளியைக் கழுவிய முதல் தண்ணீரையும் அதே டின்னில் ஊற்றிவிடுங்கள்.